பேர்ள் ஹார்பர் நடக்காமல் இருந்திருந்தால், ஜப்பான் பேரரசை ஐரோப்பா எப்படிப் பார்த்திருக்கும்?

2 ஜூன் 2023, காலை – வாசகர் கேள்வி

பேர்ள் ஹார்பரை ஜப்பான் தாக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கொரியா, தைவான், மஞ்சூரியா எல்லாம் கையில். 1955 வாக்கில் ஆசியாவில் ஒரு பெரிய பேரரசு. அதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் நடுங்கியிருப்பார்கள், ‘மஞ்சள் அபாயம்’ என்று ஐரோப்பா முழுக்க ஒன்று சேர்ந்திருக்கும் என்பது என் கட்சி. யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?

2 ஜூன், இரவு

எனக்கு உண்டு. நடுங்கியிருக்க மாட்டார்கள். என்ன வட்டிக்குக் கடன் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரஷ்யாவோடு சண்டை தொடங்கியபோது ஜப்பானிடம் பணம் இல்லை. தகாஹாஷி கொரெகியோ என்ற வங்கி அதிகாரி லண்டனுக்கு வந்து வாசல் வாசலாக ஏறி இறங்கினார். 1904 மே மாதம் 1 கோடி பவுன் கிடைத்தது, பாதி லண்டனில், பாதி நியூயார்க்கில். வட்டி 6 சதவீதம், அதற்கும் சுங்க வருமானம் அடமானம். திருப்பிக் கொடுப்பானா என்று சந்தேகப்படுகிற ஆளிடம் கேட்கிற வட்டி அது. மறு ஆண்டு மார்ச்சில் 3 கோடி பவுன், நாலரை சதவீதம். ஜூலையில் இன்னொரு 3 கோடி, அதில் ஜெர்மன் வங்கிகளும் சேர்ந்துகொண்டன. நவம்பரில் 4 சதவீதத்துக்கு 2.5 கோடி, இந்தத் தடவை பாரிஸும் உள்ளே வந்துவிட்டது. பிரான்ஸ் யாருடைய கூட்டாளி? ரஷ்யாவின் கூட்டாளி. ஜார் மன்னருக்கே கடன் கொடுத்து வந்த ஊர் அது.

ஜெர்மன் கைசர் வில்ஹெல்ம்தான் 1895இல் ‘ஐரோப்பிய மக்களே, உங்கள் புனிதச் செல்வங்களைக் காத்துக்கொள்ளுங்கள்’ என்று படம் வரையச் சொல்லி ஜாருக்கு அனுப்பியவர். மிக்கேல் சம்மனசு (தேவதூதர்) கையை நீட்டிக் காட்டுவார், தூரத்தில் நெருப்புக்கு நடுவே ஒரு புத்தர் மிதந்து வருவார். அது போய்ப் பத்து வருஷம்தான். கைசர் ஊர் வங்கிகள் அதே புத்தருக்குக் கடன் பத்திரம் விற்றுக்கொண்டிருந்தன.

3 ஜூன்

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: “வங்கிக்காரன் பார்வை வேறு, மக்கள் பார்வை வேறு.” சரி, நியாயம்தான்.

நான் கப்பலில் இன்ஜினியராக முப்பது வருஷம் ஓடியவன், சொந்த ஊர் தூத்துக்குடி. புத்தகம் குறைவு, துறைமுகம் அதிகம். பார்த்ததிலிருந்தே சொல்கிறேன்.

மால்ட்டாவில் ஒருமுறை உதிரிபாகத்துக்காக மூன்று நாள் நின்றோம். கல்காரா என்ற இடத்தில் பிரிட்டிஷ் கடற்படைக் கல்லறை இருக்கிறது. பொழுது போகாமல் நடந்தேன். சிலுவைகளுக்கு நடுவே ஒரு கல் தூண், அதில் ஜப்பானிய எழுத்து. முதலில் யாரோ வியாபாரி என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது: 1917இல் ஜப்பான் தன் டெஸ்ட்ராயர்களை மத்தியதரைக் கடலுக்கு அனுப்பி, பிரிட்டிஷ் துருப்புக் கப்பல்களுக்குக் காவலாக ஓடவிட்டிருக்கிறது. தளம் மால்ட்டா. அந்த ஆண்டு ஜூன் 11 அன்று கிரீட் பக்கத்தில் ஆஸ்திரிய நீர்மூழ்கி ஒன்று ‘சகாகி’ என்ற கப்பலை டார்பிடோவால் அடித்து மூழ்கடித்தது. 59 பேர் செத்தார்கள்.

அந்தத் துருப்புக் கப்பல்களில் வந்த வெள்ளைக்காரச் சிப்பாய் டெக்கில் நின்று பக்கத்தில் ஓடும் ஜப்பானியக் கொடியைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பான்? ‘மஞ்சள் அபாயம்’ என்றா? ‘அப்பாடா’ என்று நினைத்திருப்பான்.

3 ஜூன், சற்றுப் பின்

திருத்தம். சகாகி மூழ்கவில்லை. முன்பக்கம் மொத்தமாகப் பிய்ந்துபோனது, மீதியைக் கட்டி இழுத்து வந்து பழுது பார்த்தார்கள், மறுபடி ஓடியது. இன்ஜின் ரூம்காரன் இதைத் தப்பாக எழுதியது வெட்கம்.

5 ஜூன்

‘எம்டன்’ பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் கில்லாடியான ஆளை “சரியான எம்டன்” என்று சொல்வது அதனால்தான். அதற்கும் இந்த இழைக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

எம்டன் இந்தியப் பெருங்கடலில் சுற்றிக்கொண்டிருந்ததால் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் சிப்பாய்களை ஏற்றிய கப்பல் கூட்டத்துக்குக் காவல் தேவைப்பட்டது. காவலுக்கு வந்த கப்பல்களில் ஒன்று ‘இபுகி’, ஜப்பானியக் கப்பல். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுப் பக்கம் எம்டன் இருப்பதாகச் செய்தி வந்ததும் ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலை அனுப்பினார்கள். இபுகியும் போகிறேன் என்று அனுமதி கேட்டது. வேண்டாம், நீ கூட்டத்தோடு இரு என்றார்கள். எம்டனை அடித்த பெயர் சிட்னிக்குப் போனது. ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலியர்கள் ஜப்பானியப் பீரங்கியின் நிழலில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1919 பாரிஸ் சமாதான மாநாட்டுக்கு வாருங்கள். இனச் சமத்துவம் பற்றி ஒரு வரியை உலக நாடுகள் சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) உடன்படிக்கையில் சேர்க்கச் சொல்லி ஜப்பான் கேட்டது. முட்டுக்கட்டை போட்டவர்களில் முதல் ஆள் ஆஸ்திரேலியப் பிரதமர் ஹியூஸ். ஐரோப்பியர்கள் எல்லாரும் சேர்ந்து தோற்கடித்தார்கள்.

6 ஜூன்

மேலே நான் எழுதிய கடைசி வரி தப்பு. ராத்திரி படுத்த பிறகு உறுத்தியது, எழுந்து பார்த்தேன். ஏப்ரல் 11 அன்று வாக்கெடுப்பு நடந்தது, 17 பேரில் 11 பேர் ஆதரவு. பிரான்ஸ் ஆதரவு, இத்தாலி ஆதரவு, கிரீஸ், செர்பியா, செக்கோஸ்லோவாக்கியா எல்லாம் ஆதரவு. தலைவர் நாற்காலியில் இருந்த அமெரிக்க அதிபர் வில்சன், இப்படிப்பட்ட விஷயத்தில் ஒருமித்த சம்மதம் வேண்டும் என்று சொல்லி அதைக் கீழே போட்டுவிட்டார்.

நான் தப்பாக எழுதியது எனக்கே ஒன்றைக் காட்டிவிட்டது. ‘ஐரோப்பியர்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகிற கேள்வியைக் குறை சொல்லிவிட்டு, நானும் அதே மூட்டையைத் தூக்கினேன். கிரீஸுக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் பசிபிக்கில் என்ன இருக்கிறது? அவர்களுக்கு ஜப்பான் தூரத்துச் சொந்தம் மாதிரி, கல்யாணத்துக்கு வந்தால் சந்தோஷம். ஆஸ்திரேலியாவுக்கோ பக்கத்து வீடு.

6 ஜூன், மாலை

ஒருவர் எழுதுகிறார்: “சுஷிமாவில் ரஷ்யக் கப்பற்படையை ஜப்பான் மூழ்கடித்தபோது ஆசியா முழுக்கக் கொண்டாடியது, ஐரோப்பா பயந்தது. இதை மறுக்க முடியுமா?”

ஆசியா கொண்டாடியது உண்மை. இந்தியாவிலும் கொண்டாடினார்கள். ஆனால் தேதியைப் பாருங்கள். சுஷிமா 1905 மே 27, 28. ஆகஸ்ட் 12 அன்று பிரிட்டனோடு ஜப்பான் தன் கூட்டணியைப் புதுப்பித்தது. 1902 ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு சொல் புதிதாக உள்ளே வந்தது: இந்தியா. பிரிட்டிஷ் இந்தியாவை யாராவது தாக்கினால் ஜப்பானும் துணைக்கு வர வேண்டும். இங்கே நாம் சுஷிமாவில் ஜெயித்த தளபதி டோகோவின் படத்தை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே அவர்கள் நம் வீட்டு வாசலுக்கு வாட்ச்மேன் வேலையை ஒப்புக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரன் நாம் அல்ல, பிரிட்டிஷ்காரன்.

பயந்தார்களா என்றால் ரஷ்ய மாலுமிகள் பயந்தார்கள். சுஷிமாவுக்குப் போகும் வழியில், 1904 அக்டோபரில், வட கடலில் இருட்டில் மீன்பிடிப் படகுகளைப் பார்த்து ஜப்பானிய டார்பிடோ படகு என்று சுட்டுத் தள்ளினார்கள். இங்கிலாந்தின் ஹல் ஊர் மீனவர்கள் செத்தார்கள். ஜப்பான் எங்கே, வட கடல் எங்கே! ஹல் ஊரில் அந்த மீனவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரனுக்கு அந்தப் போரில் எதிரி யார் என்று கேட்டால் ரஷ்யா என்றுதான் சொல்லியிருப்பான்.

7 ஜூன்

சிறிய தமாஷ். 1907இல் ஜப்பானிய இளவரசர் ஃபுஷிமி லண்டன் வருகிறார். ‘மிகாடோ’ என்று ஜப்பானை வைத்து ஒரு கேலி இசை நாடகம் இருபது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. கூட்டாளி மனம் நோகக்கூடாது என்று அரசாங்கம் அதைத் தடை செய்தது. ஷெஃபீல்டில் தடையை மீறி நடந்த ஆட்டத்தை ஒரு ஜப்பானிய நிருபர் போய்ப் பார்த்தார். அவமதிப்பு எதுவும் தெரியவில்லை, நன்றாகப் பொழுது போனது என்று எழுதிவிட்டார்.

1885இல் சிரிக்கலாம், 1907இல் சிரிக்கக்கூடாது. இடையில் மாறியது நாடகம் அல்ல, டன் கணக்கில் கப்பல். அதில் பாதிக் கூத்து, டோகோவின் போர்க்கப்பல் ‘மிகாசா’வைக் கட்டியதே இங்கிலாந்தின் பாரோ ஊரில்.

7 ஜூன், இரவு

இளவரசருக்காக நாடகத்தை நிறுத்திய அதே 1907. கொரிய மன்னர் கோஜோங் மூன்று தூதர்களை ரகசியமாக ஹேக் சமாதான மாநாட்டுக்கு அனுப்பினார், ஜப்பான் எங்கள் நாட்டை விழுங்குகிறது என்று முறையிட. உள்ளே விடவில்லை. அவர்களில் ஒருவரான யி ஜுன் அங்கேயே ஹோட்டல் அறையில் இறந்துபோனார். அதே ஆண்டு பிரான்ஸும் ஜப்பானோடு ஒப்பந்தம் போட்டது: நீ என் இந்தோசீனாவைத் தொடாதே, உன் பக்கத்தை நான் கேட்கமாட்டேன். ஜப்பானைப் பார்த்து எழுச்சி பெற்று அங்கே படிக்கப் போயிருந்த வியட்நாம் மாணவர்களை ஜப்பானே வெளியேற்றியது, அவர்கள் தலைவர் ஃபான் போய் சாவ் 1909இல் வெளியே அனுப்பப்பட்டார்.

வலுவான ஜப்பானை ஐரோப்பா எப்படிப் பார்த்தது என்ற கேள்விக்கு எனக்கு இதைவிட நேரான பதில் தெரியவில்லை. கற்பனை வரலாறு எதற்கு, நடந்ததே இருக்கிறது.

9 ஜூன்

கற்பனை வேண்டாம் என்று சொன்னால் எப்படி, இழையே அதற்குத்தானே என்று மூன்று பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். சரி, வருகிறேன். ஆனால் இன்ஜினியர் வழியாக வருவேன்.

ஜப்பான் 1941இல் ஏன் தெற்கே இறங்கியது? எண்ணெய். பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது, அதை அமெரிக்கா அடைத்துவிட்டது. மிச்சம் இருந்த ஒரே வழி டச்சுக்காரர்களின் சுமத்ரா, போர்னியோ. இப்போது ஒரு வேடிக்கை: மஞ்சூரியாவில் தாச்சிங் என்ற இடத்தில் சீனா 1959இல் எண்ணெய் கண்டுபிடித்தது. உலகத்தின் பெரிய வயல்களில் ஒன்று. ஜப்பான் ஆண்ட பூமிதான் அது. எண்ணெய் தேடவும் செய்தார்கள், வேறு இடங்களில். இங்கே காலடியில் கிடந்தது தெரியாமல் அதன் மேல் ரயில் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

1935இல் அது கிடைத்திருந்தால்? டச்சுக்காரர்களின் இந்தோனேசியாவைத் தொட வேண்டிய அவசியமே குறைந்துபோகும்.

9 ஜூன், கொஞ்சம் கழித்து

அவசரப்பட்டுவிட்டேன். தாச்சிங் எண்ணெய் மெழுகு எண்ணெய். நான் இந்த மாதிரி மெழுகுச் சரக்கு ஏற்றியிருக்கிறேன். முப்பது டிகிரிக்குக் கீழே போனால் குழம்பு மாதிரி இறுகும், அப்புறம் கட்டியாகிவிடும். டாங்கில் ஹீட்டிங் காயில் நிற்காமல் ஓட வேண்டும். ஒரு ராத்திரி பாய்லர் மக்கர் செய்து, காலையில் பம்ப் இழுக்கவில்லை. லைனைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பழுப்பு மெழுகுவர்த்தி. நீராவி விட்டு உருக்கி எடுக்க ஒன்றரை நாள் ஆனது, கை முழுக்கக் கொப்புளம். மஞ்சூரியக் குளிர்காலம் மைனஸ் முப்பது. 1930களின் தொழில்நுட்பத்தில் அதை எடுத்து, காய்ச்சி, விமானத்துக்கு பெட்ரோலாக்குவது லேசுப்பட்ட காரியம் அல்ல. கப்பல் ஓடும், விமானத்துக்குச் சிரமம்.

இன்னொன்று. எண்ணெய் கிடைத்தால் சீனாவில் சண்டையை நிறுத்துவார்களா? மாட்டார்கள். இன்னும் நீட்டியிருப்பார்கள். ஆக அந்தப் பேரரசு ‘அமைதியான’ பேரரசாக இருந்திருக்காது. ஐரோப்பா கேட்டிருக்குமா? 1940 ஜூலையில் ஜப்பான் மிரட்டியதும் பிரிட்டன் சீனாவுக்குப் போகும் பர்மா சாலையை மூன்று மாதம் மூடியது. செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் டோங்கினில் (வட வியட்நாம்) ஜப்பானியப் படைக்கு இடம் கொடுத்தார்கள். சீனாக்காரன் சாவது அவர்கள் கணக்கில் வரவில்லை.

11 ஜூன்

“ஜப்பான் ஜெயித்திருந்தால் ஆசியர்களுக்கு விடுதலை கிடைத்திருக்கும்” என்று ஒருவர். எங்கள் பாட்டியின் அண்ணன் மலாயாவின் பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். சயாமுக்கு ரயில் போட ஜப்பானியர்கள் கூட்டிப்போனார்கள். திரும்பவில்லை. இதற்கு மேல் இந்தக் கருத்துக்குப் பதில் எழுத எனக்கு விருப்பமில்லை.

12 ஜூன்

‘மஞ்சள்’ என்ற சொல்லைப் பற்றி. இந்தச் சொல்லே புதுசு. சவேரியார் 1549இல் ககோஷிமாவில் இறங்கினார். எங்கள் கடற்கரையில் பரதவர்களோடு இருந்து, மணப்பாட்டுக் குகையில் தங்கினார் என்று இன்றும் காட்டுகிறார்களே, அவரேதான். இதுவரை கண்ட மக்களிலேயே ஜப்பானியர்தான் சிறந்தவர்கள் என்று எழுதினார். (எங்களைப் பற்றி அப்படி எழுதவில்லை, பரவாயில்லை.) அந்தக் காலத்து ஏசு சபைக் கடிதங்களில் ஜப்பானியர் வெள்ளை நிறத்தவர். 18ஆம் நூற்றாண்டில் லின்னேயஸ் என்ற விஞ்ஞானி மனிதர்களை நிறம் பிரித்தபோதுதான் ஆசியருக்கு ஒரு வெளிறிய மஞ்சள் ஒதுக்கப்பட்டது. தோல் அதே தோல்.

மாற்று வரலாறு எழுதுபவர்கள் 1941ஐ விட்டுவிட்டு 1637ஐ எடுக்கலாம். ஸ்பானியர்களின் மணிலாவைத் தாக்க ஜப்பானில் திட்டம் போட்டு, டச்சுக்காரர்களிடம் கப்பல் உதவி கேட்டிருந்தார்கள். ஷிமாபாராவில் கிறிஸ்தவ விவசாயிகள் கலகம் வெடித்தது, திட்டம் போனது. கலகக்காரர்களின் கோட்டை மீது அரசாங்கத்துக்காகப் பீரங்கி சுட்ட கப்பல்களில் ஒன்று டச்சுக் கப்பல். கிறிஸ்தவன் மேல் கிறிஸ்தவன் சுட்டான், வியாபாரம் தப்பித்தது.

15 ஜூன்

கேட்டவர் நேரடியாகக் கேட்கிறார்: சரி, உங்கள் 1955 எப்படி இருக்கும்?

சலாசரின் போர்ச்சுகலைப் பாருங்கள். சர்வாதிகாரம், ஆப்பிரிக்காவில் காலனி, கோவாவிலும் காலனி. 1949இல் நேட்டோ தொடங்கியபோது முதல் நாளிலிருந்தே உறுப்பினர். சோவியத் எல்லையில் பெரும்படையோடு நிற்கிற ஜப்பானையும் அப்படித்தான் உட்கார வைத்திருப்பார்கள். கொரியாவில் என்ன நடக்கிறது என்று எப்போதாவது ஒரு எம்.பி. கேள்வி எழுப்புவார், பதில் எழுத்தில் வரும்.

சத்தம் வந்திருந்தால் இங்கிலாந்தின் துணி ஆலைப் பகுதியான லங்காஷயரிலிருந்து வந்திருக்கும். 1930களிலேயே துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனைத் தாண்டிவிட்டது. தோற்று, நொறுங்கி, எழுந்து நின்ற நிஜ ஜப்பான் 1955இல் காட் (GATT) என்ற உலக வர்த்தக ஒப்பந்தத்தில் சேர்ந்தபோதே பிரிட்டன், பிரான்ஸ், நெதர்லாந்து எல்லாம் சலுகை தர மாட்டோம் என்று விதியைக் காட்டி ஒதுங்கின. நம் இந்தியாவும் அதில் உண்டு. தோற்ற ஜப்பானின் சட்டைத்துணிக்கே இவ்வளவு என்றால், மஞ்சூரிய நிலக்கரியோடு வரும் ஜப்பானுக்கு? என் கணிப்பு: பீரங்கிக்குப் பயப்படாதவன் பனியனுக்குப் பயந்திருப்பான்.

18 ஜூன்

இதுவரை எழுதியதில் ஒன்று குறைகிறது. வங்கி, ஒப்பந்தம், வரி என்றே போய்விட்டேன். வெறுப்பு என்ற ஒன்றும் இருந்தது, அது நிஜம்.

1989இல் நான் ஃபோர்த் இன்ஜினியர். கேப்டன் டச்சுக்காரர், ஜாவாவில் பிறந்தவர். யோகோஹாமாவில் நாலு நாள் கட்டினாலும் கேங்வே இறங்க மாட்டார். கப்பலே ஜப்பானில் கட்டியது, அவர் தூங்குகிற கட்டில் உட்பட. போட் டிரில் நடக்கும்போது எல்லாரும் வரிசையாக நிற்போம், அவர் தலை எண்ணுவார். உதட்டுக்குள்ளே “இச்சி, நி, சான், ஷி...” நான் முதலில் அவருக்கு ஜப்பானிய மனைவி என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் வாட்ச் முடிந்து காபி குடிக்கும்போது அவரே சொன்னார். ஆறு வயதில் அம்மாவோடு முகாமில். தினம் இரண்டு வேளை வெயிலில் நிறுத்தி எண்ணுவார்கள், ஜப்பானிய மொழியில். தப்பாக எண்ணினால் அம்மாவுக்கு அடி. எண் என்றால் அவருக்கு அந்த மொழியில்தான் வருகிறது.

அதே மனிதர் இன்னொன்றும் சொன்னார். போருக்கு முன்னால் அவர்கள் தெருவில் ஒரு ஜப்பானியர் கடை. விலை பேரம் கிடையாது, குனிந்து வணக்கம் சொல்வார்கள், அம்மாவுக்குப் பிடித்த கடை. இவருக்கு அங்கே ஒரு தகர ரயில் வாங்கிக் கொடுத்தார்களாம். தாச்சிங்கில் எண்ணெய் கிடைத்திருந்தால் அவருக்கு ஜப்பான் என்றால் அந்தத் தகர ரயில்தான்.

18 ஜூன், பின்னிரவு

தூக்கம் வரவில்லை, இன்னும் ஒன்று. கார்ட்டர் என்பது பிரிட்டனின் உயர்ந்த பட்டம். 1906இல் மெய்ஜி பேரரசருக்குக் கொடுத்தார்கள். பேரன் ஹிரோஹிடோவுக்கு 1929இல். 1941இல் பட்டியலிலிருந்து அடித்தார்கள், விண்ட்சர் தேவாலயத்திலிருந்து கொடியை இறக்கினார்கள். 1971இல் ஹிரோஹிடோ லண்டன் வந்தபோது திரும்ப ஏற்றினார்கள். அந்தப் பயணத்தில் கியூ தோட்டத்தில் அவர் நட்ட மரத்தை மறுநாளே யாரோ வெட்டிப் போட்டார்கள். அடுத்து ஹேக் போனார், அவர் கார் கண்ணாடி மேல் யாரோ தெர்மாஸ் பிளாஸ்க்கை எறிந்தார்கள்.

கேப்டனிடம் இதைக் கேட்டேன், சிரித்துக்கொண்டே: எறிந்தது நீங்களா?

“இல்லை,” என்றார். “அன்றைக்கு நான் கோபே துறைமுகத்தில் இருந்தேன். கப்பலை விட்டு இறங்காமல்.”